மகதத்தின் கதை – 9: பாணகங்கைக் கணவாயில் ஒரு கல்மதில்

கயாவிலிருந்து வரும் சாலை ராஜ்கிருக்குள் நுழைவது பாணகங்கைக் கணவாய் வழியாக. வடக்கு நோக்கி வருபவருக்கு இடப்பக்கம் சோனகிரி, வலப்பக்கம் உதயகிரி. இரண்டு மலைகளும் நெருங்கி வந்து, ஒரு சிற்றோடையும் சாலையும் போக மட்டும் இடம் விட்டிருக்கின்றன. அங்கே வண்டியை நிறுத்தி இறங்கினால், சாலையின் இரு புறமும் சரிவில் ஏறிப்போகும் மதில் தெரியும். தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் மலையின் பாறை வரிசை என்றுதான் நினைப்பார்கள். கிட்டே போய்க் கையை வைத்தால்தான் அது மனிதர்கள் அடுக்கியது என்பது உறைக்கும்.

ராஜ்கிருக்கு வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் வருவதில்லை. அவர்கள் பாட்னாவில் புறப்பட்டு, நாளந்தாவைப் பார்த்துவிட்டு, வடக்கிலிருந்து ஊருக்குள் வருகிறார்கள். வெந்நீர் ஊற்றில் குளிக்கிறார்கள். ரோப்வேயில் ரத்னகிரி உச்சிக்குப் போய், 1969-இல் ஜப்பானிய பௌத்தர்கள் எழுப்பிய வெள்ளைத் தூபியைச் சுற்றி வருகிறார்கள். சமண யாத்திரிகர்களுக்கு ஐந்து மலைகளிலும் கோயில்கள் இருக்கின்றன. இப்போது கண்ணாடிப் பாலமும் சேர்ந்துகொண்டது. தெற்குக் கணவாய்க்கு நேரம் மிஞ்சுவதில்லை. சிந்துவெளி நகரங்கள் அழிந்த பிறகு இந்திய மண்ணில் எழுந்த கல்மதில்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று இங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். மகதம் என்ற அரசு எதற்கெல்லாம் அஞ்சியது என்பதை அறிய இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

சென்ற இதழில் பிம்பிசாரன் மகன் கையால் சிறைப்பட்டு மாண்டதோடு நிறுத்தியிருந்தோம். அஜாதசத்ரு அரியணையில் இருக்கிறான். அவனுக்குத் தந்தையிடமிருந்து வந்த சொத்துகளில் பெரியது இந்த ஊர்.

ஊரின் அமைப்பை முதலில் மனத்தில் வரைந்துகொள்வோம். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. சுற்றிலும் மலைகள். பாலி நூல்கள் வேபார, பாண்டவ, வேபுல்ல, கிஜ்ஜகூட, இசிகிலி என்று ஐந்தைச் சொல்லும். இன்றைய பெயர்கள் வைபாரகிரி, விபுலகிரி, ரத்னகிரி, உதயகிரி, சோனகிரி. மகாபாரதம் இதே இடத்தைக் கிரிவிரஜம் என்கிறது, ஜராசந்தனின் தலைநகர். இவற்றில் எதுவும் உயரமான மலை அல்ல. ஆனால் சரிவுகள் செங்குத்தானவை, முகடுகள் குறுகியவை, பாறை கடினமான குவார்ட்சைட். பள்ளத்தாக்குக்குள் படையோடு வருவதற்கு நாலைந்து கணவாய்கள்தான் உண்டு. வடக்கே வைபாரத்துக்கும் விபுலத்துக்கும் இடையே ஒன்று, தெற்கே பாணகங்கை, கிழக்கிலும் மேற்கிலும் மற்றவை. மலையரண் என்று நம் நூல்கள் இலக்கணம் வகுத்தது இந்த ஊரைப் பார்த்துத்தானோ என்று தோன்றும்.

மதில் கட்டியவர்கள் மலையோடு போட்டி போடவில்லை. மலை எங்கே வேலையை முடித்திருந்ததோ அங்கே முகட்டின் மேல் மதிலை ஓட்டினார்கள். மலை எங்கே இடம் விட்டிருந்ததோ அங்கே மதிலைத் தடிக்க வைத்து, கொத்தளங்களைச் சேர்த்தார்கள். முகடு விட்டு முகடு தாவி, கணவாயில் இறங்கி, மறுபுறம் ஏறி, வெளிமதிலின் மொத்த நீளம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். உள்ளே பள்ளத்தாக்கில் நகரத்தைச் சுற்றி இன்னொரு மதில், மண்ணும் கல்லும் கலந்தது, சுமார் 7 கிலோமீட்டர். அது இன்று புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது.

வெளிமதிலை முறையாக அளந்து பதிவு செய்தவர் ஜான் மார்ஷல். மொகஞ்சதாரோவோடு சேர்த்தே நமக்கு அவர் பெயர் நினைவில் இருக்கிறது. அதற்கு வெகு முன்பே, 1905–06-இல், தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பேற்று சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது, இந்த மலைகளில் ஏறி இறங்கி வேலை செய்தார். அவருக்கு முன் 1812-இல் புக்கானனும், 1860-களின் தொடக்கத்தில் கன்னிங்ஹாமும் இங்கே வந்திருந்தார்கள். மார்ஷல் கண்டபடி மதில் மிக நன்றாக நிற்கும் இடம் பாணகங்கைதான். அங்கே உயரம் 11, 12 அடி. தடிமன் பெரும்பாலும் பதினேழரை அடி. முகப்புக் கற்கள் ஒவ்வொன்றும் 3 முதல் 5 அடி நீளம். செதுக்கப்படாதவை, மலையிலிருந்து பெயர்த்த வடிவிலேயே இருப்பவை. ஆனால் எந்தக் கல்லின் எந்த முகம் எதன்மேல் உட்காரும் என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இடுக்குகளில் சில்லுக் கற்களை இறுக்கியிருக்கிறார்கள். சாந்து கிடையாது. வெளிமுகமும் உள்முகமும் பெருங்கற்கள். நடுவில் சிறு கற்களைக் கொட்டி நிரப்பிய வயிறு. தொல்லியல் துறையின் பலகை இதை ‘சைக்ளோபியன்’ மதில் என்கிறது. கிரேக்கத்தில் மைசீனி போன்ற ஊர்களில் உள்ள பெருங்கல் மதில்களுக்கு வழங்கும் பெயர் அது. கட்டுமுறை ஒத்திருப்பதால் இங்கேயும் ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் வேறு தொடர்பு இல்லை.

சாந்து இல்லாததுதான் இந்த மதிலின் ஆயுள் ரகசியம் என்று நினைக்கிறேன். பீகாரில் கொட்டும் மழைக்கு, சரிவில் நிற்கும் சுவர் தண்ணீரைத் தேக்கினால் ஒரே பருவத்தில் சரிந்துவிடும். இது தேக்காது. ஆயிரம் இடுக்குகள் வழியே நீர் வழிந்து போய்விடும். நம் ஊர் மலைச்சரிவுகளில் தோட்டத்துக்குக் கல்கட்டு எழுப்புபவர்களும் இதே கணக்கில்தான் சாந்தைத் தவிர்க்கிறார்கள்.

மார்ஷல் கண்ட கொத்தளங்கள் 16. செவ்வக வடிவில் மதிலின் வெளிமுகத்தோடு ஒட்டி நிற்பவை. நீளம் 47 முதல் 60 அடி, அகலம் 34 முதல் 40 அடி. அதாவது ஒவ்வொன்றும் ஒரு நல்ல வீட்டு மனை அளவு. நாற்பது கிலோமீட்டருக்குப் பதினாறுதானா என்று கேட்கலாம். அவை சீராகப் பரவி நிற்கவில்லை. காவல் தேவைப்பட்ட இடங்களில் நிற்கின்றன, கணவாய்களை ஒட்டி நெருக்கமாக. மதிலின் உட்புறத்தில், அதன் தடிமனுக்குள்ளேயே, மேலே ஏறச் சரிவுப் பாதைகள் விட்டிருக்கிறார்கள். ஆபத்து என்றால் காவலர்கள் ஓடி ஏற வேண்டிய வழி அது. உட்புறமாகச் சுற்றி வந்து அந்தச் சரிவுகளில் ஒன்றைக் கண்டுகொண்டபோதுதான் எனக்கு இது கற்குவியலாக இல்லாமல் கோட்டையாகத் தெரிந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினேழரை அடித் தடிமன், 11 அடிக்குச் சற்று மேல் உயரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் நீள மதிலுக்கு 18 கன மீட்டர் கல் வேண்டும். நாற்பது கிலோமீட்டருக்கு 7 லட்சம் கன மீட்டருக்கு மேல். மதில் எல்லா இடத்திலும் இதே அளவில் இருந்திருக்காது. முகடுகளில் மெலிந்திருக்கும், செங்குத்தான பாறைகளில் இல்லாமலே போயிருக்கும். பாதியைத் தள்ளிவிடுங்கள். மிச்சத்தை ஏற்றக்கூட, ஒரு நடைக்குப் பத்து கன மீட்டர் கொள்ளும் டிப்பர் லாரி முப்பத்தைந்தாயிரம் நடைக்கு மேல் அடிக்க வேண்டும். கல் எங்கிருந்தும் வரவில்லை, காலடியிலேயே கிடந்தது என்பது ஓர் ஆறுதல். ஆனால் அதைப் பெயர்த்து, உருட்டி, நெம்பித் தூக்கி வைத்த கைகளுக்கு ஆண்டு முழுக்க யாரோ சோறு போட்டிருக்க வேண்டும். உபரி நெல்லும், அதை வசூலிக்க ஆட்களும், வசூலித்ததைக் கணக்கு வைக்க அதிகாரிகளும் உள்ள அரசால்தான் இது முடியும். பதினாறு மகாஜனபதங்களில் மகதம் மட்டும் ஏன் பேரரசானது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தச் சரிவில் அடுக்கியிருக்கிறது.

கட்டியது யார்? மதிலில் கல்வெட்டு இல்லை. பாணகங்கை அருகே பாறையில் சங்கு எழுத்துகள் இருக்கின்றன. அவை பல நூற்றாண்டு பிந்தியவை, யாரும் இன்னும் நம்பத்தக்க முறையில் படிக்காதவை. பக்கத்திலேயே பாறையில் இரண்டு ஆழமான தடங்கள் இணையாக ஓடுகின்றன. கிருஷ்ணனின் தேர் போன தடம் என்று வழிகாட்டிகள் பக்தியோடு காட்டுவார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே தடத்தில் போன வண்டிச் சக்கரங்கள் பாறையைத் தேய்த்த அடையாளம் அது. தேரை விட எனக்கு அந்த வண்டிகள் பெரிதாகப் படுகின்றன. தெற்கிலிருந்து இந்தக் கணவாய் வழியே சரக்கு வந்துகொண்டே இருந்தது என்பதற்குப் பாறை சொல்லும் சாட்சி அல்லவா?

கட்டிய காலத்தைப் பற்றிய சிறந்த துப்பு ஒரு பௌத்த நூலில் கிடைக்கிறது. மஜ்ஜிம நிகாயத்தில் கோபக மொக்கல்லானர் பெயரால் ஒரு சூத்திரம் உண்டு. புத்தர் மறைந்து அதிக நாள் ஆகவில்லை. ஆனந்தர் ராஜகிருகத்தில் இருக்கிறார். அப்போது அஜாதசத்ரு, அவந்தி மன்னன் பஜ்ஜோதன் மேல் ஐயம் கொண்டு நகரத்தின் அரண்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தான் என்கிறது அந்த நூல். ஒருநாள் காலை, பிச்சைக்குப் போக இன்னும் நேரம் இருப்பதால், ஆனந்தர் வேலை நடக்கும் இடத்துக்குப் போகிறார். அங்கே கோபக மொக்கல்லானர் என்ற அந்தணர் இருக்கிறார். புத்தரின் எல்லாக் குணங்களும் வாய்த்த துறவி யாராவது இப்போது உண்டா என்று அவர் கேட்கிறார். இல்லை என்கிறார் ஆனந்தர். பேச்சு நடக்கும்போதே மகதத்தின் பேரமைச்சன் வஸ்ஸகாரன் கட்டுமான வேலைகளைப் பார்வையிட்டபடி அங்கே வந்து சேர்கிறான்.

எத்தனை அருமையான காட்சி! குரு போன துயரத்தில் ஒரு துறவி, தொழிலாளர்களின் இரைச்சல், சுற்றிப் பார்க்கும் அமைச்சர். நூலை எழுதியவர்களுக்கு மதில் முக்கியம் அல்ல, போகிற போக்கில் சொல்லிவிட்டார்கள். அதனாலேயே நான் அதை நம்புகிறேன். அஜாதசத்ரு புதிதாகக் கட்டவில்லை, பழுது பார்த்தான் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. ஆகவே மதில் அவனுக்கு முந்தியது. குறைந்தது பிம்பிசாரன் காலத்தது, அதற்கும் முந்தியதாகவும் இருக்கலாம். ஒரே அரசன் ஒரே மூச்சில் கட்டியதாக நான் எண்ணவில்லை. கணவாய்களை முதலில் அடைத்து, பிறகு முகடுகளை இணைத்து, பல தலைமுறைகள் வளர்த்த மதில் இது.

பஜ்ஜோதனைத் தமிழ் வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கொங்குவேளிரின் பெருங்கதையில் உஞ்சை நகரத்து அரசனாக வரும் பிரச்சோதனன் இவன்தான். பொறியால் செய்த யானையைக் காட்டி உதயணனைப் பிடித்தவன், வாசவதத்தையின் தந்தை. அந்தக் காப்பியத்தின் மகத காண்டம் நடப்பதே இந்தப் பள்ளத்தாக்கில். இராசகிரியம் என்று அது இந்த நகரத்தை அழைக்கும். பகை மன்னர்கள் கூட்டுச் சேர்ந்து மகதத்தின் மேல் வர, உதயணன் அவர்களை முறியடித்து, மன்னன் தருசகனின் தங்கை பதுமாபதியை மணக்கிறான். காப்பியம் கற்பனைதான். ஆனால் உஞ்சையும் மகதமும் ஒன்றையொன்று அச்சத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலத்தின் நினைவு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பயணம் செய்து தமிழ் வரை வந்திருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1924-இல் அதைப் பதிப்பித்தபோது நமக்கு இந்த நகரமும் சேர்ந்தே கிடைத்தது.

உஞ்சை என்னும் உஜ்ஜயினி ராஜ்கிருக்குத் தென்மேற்கே. அங்கிருந்து ஒரு படை மலையடிவாரத்தை ஒட்டி வந்தால் முதலில் முட்டக்கூடிய வாசல் பாணகங்கை. மதில் இன்றும் மிக உயரமாக நிற்பது அதே இடத்தில். இது தற்செயலாகவும் இருக்கலாம். மற்ற இடங்களில் கல்லை ஊரார் எடுத்திருப்பார்கள். ஆனாலும் அந்தக் கொத்தளத்தின் மேல் நின்று தெற்கே பார்க்கும்போது, கீழே திறந்து கிடக்கும் சமவெளியை மறைக்க எதுவும் இல்லை. வருபவனை வெகு தூரத்திலேயே பார்த்துவிடலாம்.

வடக்கு வாசலுக்கும் காவல் பலமாகத்தான் இருந்தது. வைபாரகிரியின் கிழக்குச் சரிவில், வெந்நீர் ஊற்றுகளுக்கு நேர் மேலே, செதுக்காத கற்களால் எழுப்பிய ஒரு பெரிய சதுர மேடை இருக்கிறது. அடியில் சிறு சிறு அறைகள். ஜராசந்தனின் இருக்கை என்று ஊரார் சொல்கிறார்கள். இடத்தையும் கட்டுமுறையையும் பார்த்தால் காவல் மேடை என்றே படுகிறது. பின்னாளில் துறவிகள் அந்த அறைகளில் தங்கியிருக்கலாம்.

வாசல் கட்டுப்பாடு எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு விநய பிடகத்தில் ஒரு கதை. வெந்நீர் ஊற்று, அன்றைய தபோதா, நகர வாசலுக்கு வெளியே இருந்தது. பிம்பிசாரன் தலை முழுகப் போகிறான். துறவிகள் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முடிக்கட்டும் என்று மன்னன் மரியாதையோடு காத்திருக்கிறான். அவர்களோ பொழுது சாயும் வரை குளிக்கிறார்கள். மன்னன் குளித்து முடிப்பதற்குள் நகர வாசலை அடைத்துவிட்டார்கள். மகதத்தின் அரசன் அன்றிரவு வெளியிலேயே தங்கி, விடிந்ததும் புத்தரைப் பார்க்கப் போகிறான். துறவிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் குளிக்கலாம் என்ற விதி அப்படிப் பிறந்தது. விதியை விடுங்கள். அரசனே வந்தாலும் அடைத்த கதவு திறக்காது என்ற நடைமுறையைக் கவனியுங்கள். பிற்கால உரைநூல் இந்த நகரத்துக்கு 32 பெருவாசல்களும் 64 திட்டிவாசல்களும் சொல்கிறது. எண்ணிக்கையில் மிகை இருக்கும். ஒழுங்கில் மிகை இல்லை.

இவ்வளவு உழைத்துக் கட்டி, இவ்வளவு கண்டிப்பாகக் காத்த நகரத்தை மகதம் கைவிட்டது. எதிரி பிடித்ததால் அல்ல. இந்த மதிலை உடைத்து உள்ளே வந்த படையைப் பற்றி எந்த நூலிலும் நான் படித்ததில்லை. அப்புறம் ஏன்?

சீனத் துறவி யுவான் சுவாங் 7-ஆம் நூற்றாண்டில் கேட்டறிந்த கதை இது. பழைய நகரத்தில் வீடுகள் நெருக்கம். ஒரு வீடு பற்றினால் தெருவே எரியும். எவன் வீட்டில் முதலில் நெருப்புப் பிடிக்கிறதோ அவன் ஊரை விட்டுப் போய், பிணம் இடும் காடான சீதவனத்தில் குடியிருக்க வேண்டும் என்று பிம்பிசாரன் ஆணையிட்டான். அடுத்து எரிந்தது அரண்மனை. மன்னன் தன் ஆணைக்குத் தானே கட்டுப்பட்டு மலைக்கு வெளியே குடிபோனான். அங்கே புது ராஜகிருகம் எழுந்தது. அவருக்கு இரு நூற்றாண்டு முன்பு வந்த பாஹியான், புது நகரத்தைக் கட்டியது அஜாதசத்ரு என்கிறார். வடக்குக் கணவாய்க்கு வெளியே, இன்றைய ஊரை ஒட்டி, அந்தப் புது நகரத்தின் மதிலும் சிதைந்து கிடக்கிறது. பாஹியான் வந்தபோதே மலைகளுக்குள் இருந்த பழைய நகரில் ஆள் இல்லை.

நெருப்பு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் வடக்கே தெரிகிறது. பஜ்ஜோதன் தென்மேற்கு அச்சம். ஆனால் அஜாதசத்ருவின் வாழ்நாளைத் தின்ற போர் கங்கைக்கு அப்பால் இருந்த வஜ்ஜிகளோடு நடந்தது. சமண நூலான பகவதி சூத்திரம் அந்தப் போரில் மகதம் இறக்கிய இரண்டு கருவிகளைச் சொல்கிறது: கல்லெறியும் மகாசிலாகண்டகம், உலக்கை பொருத்திய தேரான ரதமுசலம். வைசாலியைத் தலைநகராகக் கொண்ட குடியரசுக் கூட்டத்தை வெல்ல ஆறு வேண்டும், படகு வேண்டும், கரையில் ஒரு தளம் வேண்டும். மலைக்குள் ஒளிந்த நகரத்திலிருந்து அந்தப் போரை நடத்த முடியாது. கங்கை வணிகத்தின் சுங்கமும் ஆற்றங்கரையில்தான் விழும். ராஜகிருகத்தின் மதில் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது. மகதம் வளர்ந்து, தற்காக்கும் அரசாக இருப்பதை நிறுத்தியபோது அந்த வேலையே இல்லாமல் போயிற்று.

மகாபரிநிப்பான சூத்திரம் தொடங்குவது ராஜகிருகத்துக் கழுகுமலையில். வஜ்ஜிகளை வெல்ல வழி உண்டா என்று புத்தரிடம் நயமாக விசாரித்து வரச்சொல்லி அஜாதசத்ரு வஸ்ஸகாரனை அனுப்புகிறான். அதே நூலில் சில பக்கம் தள்ளி, கங்கைக்கரைச் சிற்றூரான பாடலிகாமத்தில் அதே வஸ்ஸகாரன், சுனீதன் என்ற இன்னோர் அமைச்சனோடு சேர்ந்து, வஜ்ஜிகளைத் தடுக்க ஒரு கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். ஓர் அமைச்சன், இரண்டு கட்டுமானங்கள். ராஜகிருகத்தில் பழைய மலையரணைப் பழுது பார்க்கிறான். பாடலிகாமத்தில் புது நீரரணுக்கு அடித்தளம் போடுகிறான். அஜாதசத்ருவின் மகன் உதாயி காலத்தில் தலைநகரே அந்தச் சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தது. பாடலிபுத்திரம் பிறந்தது.

அங்கே கல் கிடையாது. கங்கையும் சோணும் கொண்டுவந்து கொட்டிய வண்டல், எத்தனை ஆழம் தோண்டினாலும் மண். லட்சக்கணக்கான கன மீட்டர் கல்லை அடுக்கிப் பழகிய அரசு தன் புதிய தலைநகருக்கு மரத்தால் மதில் எழுப்பியது. மௌரியர் காலத்தில் அதைப் பார்த்த மெகஸ்தனிஸ் 570 கோபுரங்களும் 64 வாசல்களும் கொண்ட மர மதில் என்று எழுதினார். பாட்னாவின் புலந்திபாக் பகுதியில் 1915-லிருந்து ஸ்பூனரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தோண்டியபோது, இரண்டு வரிசையாக நட்ட சால மரத் தூண்கள் சேற்றுக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தன. அடுத்த இதழில் அந்தக் குழிக்குள் இறங்குவோம்.